காட்டுக்காக நிலம் எடுக்கும்போது: ஃபைல் தூக்கும் புதியவர்களுக்கு

சரணாலயத்துக்கோ யானை வழித்தடத்துக்கோ அரசு பட்டா நிலத்தை எடுக்கப்போகிறது என்று பேச்சு கிளம்பினால் போதும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் நிலக்காரர்களுக்கு மனு எழுதித்தரப் புதுப் பையன்கள் வந்துவிடுகிறார்கள். சர்வே எண்ணை மாற்றி எழுதுவது, வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் வருவது எல்லாம் ஒரு தடவை திட்டு வாங்கினால் சரியாகிவிடும். அதை விட்டுவிடுகிறேன். நிலக்காரருக்கு நஷ்டம் வைக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

சரணாலயம் என்றதுமே நிலம் போச்சு என்பது

காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014-இல் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 504.33 சதுர கிலோமீட்டரில் அறிவிக்கப்பட்டது. காவிரி தெற்கு 2022-இல் வந்தது. இரண்டுமே ஏற்கெனவே இருந்த காப்புக்காடுகளை வைத்து உருவானவை. எல்லையை ஒட்டி வெளியே இருக்கும் பட்டா நிலம் அதனால் அரசுக்குப் போய்விடாது. புரோக்கர் பேச்சைக் கேட்டு வந்த விலைக்கு எழுதிக்கொடுத்தவர்களும் உண்டு. முதலில் அரசிதழை வாங்கி, அதிலுள்ள எல்லை விவரத்தைப் புலப்படத்தோடு வைத்துப் பாருங்கள்.

அறிவிப்புக்குப் பிறகு வாங்குவது

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 18-வது பிரிவில் சரணாலய அறிவிப்பு வந்த பிறகு, வாரிசாகவோ உயில் வழியாகவோ தவிர அதன் எல்லைக்குள் இருக்கும் நிலத்தில் புது உரிமை கிடையாது. அவ்வளவுதான்.

கண்ட பத்திரத்தையும் டேட்டா லேண்டாகக் காட்டுவது

டேட்டா லேண்ட் என்றால் விலையை ஒப்பிட்டுப் பார்க்கக் காட்டும், ஏற்கெனவே விற்ற நிலம். கண்டதையும் அப்படிக் காட்டுவதைத்தான் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. 2013 நில எடுப்புச் சட்டத்தின் 26-வது பிரிவுப்படி கலெக்டர் வழிகாட்டி மதிப்பையும் பார்ப்பார், அக்கம்பக்கத்தில் அதே வகை நிலம் விற்ற சராசரி விலையையும் பார்ப்பார். எது அதிகமோ அதை எடுப்பார். அந்தச் சராசரிக்கு முந்தைய 3 ஆண்டுக் கிரயப் பத்திரங்களில் விலை அதிகமுள்ள பாதி மட்டும்தான் கணக்கு. சட்டமே இவ்வளவு இடம் கொடுத்திருக்கிறது.

போன மாங்காய் சீசனில் ஒரு தம்பி அஞ்செட்டிப் பக்கத்துப் புஞ்சை நிலத்துக்காகக் கட்டுக் கட்டாகப் பத்திர நகல் கொண்டுவந்தார். பாதிக்கு மேல் ஓசூர் லேஅவுட் மனைகள். சதுர அடி விலையை 43,560-ஆல் பெருக்கி ஏக்கர் விலை போட்டிருந்தார். அந்தத் தொகையைப் பார்த்து நிலக்காரரே மிரண்டுபோனார். அப்புறம், நிலம் எடுக்கும் பேச்சு வந்த பிறகு மாமனும் மருமகனும் விலையை ஏற்றி எழுதிக்கொண்ட ஒரு பத்திரம். உண்மையான சந்தை நிலவரத்தைக் காட்டாத விலையைக் கழித்துவிட கலெக்டருக்கு அதிகாரம் உண்டு, கழித்துவிட்டார்கள். கடைசியாக, மாவட்டத்தில் வேறொரு திட்டத்துக்கு இதே சட்டத்தில் கொடுத்த இழப்பீட்டுத் தொகை. அதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று அதே பிரிவின் விளக்கத்திலேயே இருக்கிறது. படித்திருந்தால் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்த காசாவது மிச்சம்.

இத்தனைக்கும் அதே ஊரில் கிணற்றுப் பாசனப் புஞ்சைக்கு நல்ல விலையில் பதிவான பத்திரங்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருந்தன. யாரும் நகல் கேட்கவில்லை. குப்பையோடு குப்பையாக ஒரு நல்ல பத்திரம் இருந்தாலும் அதிகாரி மொத்தக் கட்டையும் ஒரே வரியில் தள்ளிவிடுவார். நஷ்டமும் அடிப்படை விலையோடு நிற்காது. சொலேஷியம், அதாவது அடிப்படைத் தொகைக்கு மேல் சேர்த்துக் கொடுக்கும் ஆறுதல் தொகை, 100 சதவீதம் என்பதால், ஏக்கருக்கு 1 லட்சம் குறைந்தால் நிலக்காரர் கையில் குறைந்தது 2 லட்சம் குறைகிறது.

ஒவ்வொரு பத்திரத்துக்கும் அந்த நிலத்தை நேரில் போய்ப் பாருங்கள். வானம் பார்த்ததா, கிணறு இருக்கிறதா, தார் ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம், பதிவுத் தேதி என்ன என்று எழுதுங்கள். ஊரே முத்திரைக் கட்டணத்துக்குப் பயந்து வழிகாட்டி மதிப்புக்கே பத்திரம் போட்டிருந்தால், காட்ட எதுவும் இருக்காது. அதை நிலக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மரம் எண்ணும் நாள்

இழப்பீட்டுக்காக மரங்களை எண்ண அதிகாரிகள் வரும் நாளில் நிலக்காரர் தோட்டத்தில் இருக்க வேண்டும். ஒட்டு மாவை நாட்டு மா என்று எழுதியிருக்கிறார்களா என்று பார்த்த பிறகே கையெழுத்து.

பட்டா இல்லை, அதனால் உரிமை இல்லை என்பது

2006 வன உரிமைச் சட்டம் இருக்கிறது. 13.12.2005-க்கு முன்பிருந்தே வன நிலத்தில் பயிர் செய்துவரும் பழங்குடிக் குடும்பத்தின் மனு கிராம சபையில் தொடங்க வேண்டும். நில எடுப்பு அலுவலக வாசலில் அவர்களை நிறுத்தாதீர்கள்.

பணம் வாங்கும் கையெழுத்து

தொகை போதாது என்றால், 'ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதித்தான் வாங்க வேண்டும். சும்மா வாங்கினால் நில எடுப்புச் சட்டத்தின் 64-வது பிரிவில் கூடுதல் தொகை கேட்கும் வழி அடைபட்டுவிடும். அவார்டு, அதாவது இழப்பீட்டை முடிவுசெய்யும் உத்தரவு, போட்ட அன்று நிலக்காரரோ அவர் சார்பில் ஒருவரோ நேரில் இருந்திருந்தால், கூடுதல் தொகை கேட்க அன்றிலிருந்து கெடு 6 வாரம். அந்தத் தேதியை ஃபைல் அட்டையிலேயே எழுதிவையுங்கள்.