தயங்குபவரும் வந்துசேர: சென்னையில் பழைய மாணவர் சந்திப்பு நடத்துவது எப்படி?

பிளஸ் டூ முடித்து இருபது, இருபத்தைந்து வருஷம் கழித்து ஒரு பேட்ச் கூடும்போது, நல்ல வேலையில் இருப்பவரும் ஏற்கெனவே தொடர்பில் இருப்பவரும் எப்படியும் வந்துவிடுவார்கள். வேலை போனவர், மணவாழ்க்கை முறிந்தவர், வகுப்பில் யாரோடும் அதிகம் பேசாதவர்தான் தயங்குவார்கள். தேதி, இடம், பணம் மூன்றையும் அவர்களை மனத்தில் வைத்தே முடிவு செய்யுங்கள்.

தேதியை மூன்று மாதம் முன்பே அறிவித்துவிட வேண்டும். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் தொடங்குகிறது. அதற்குள் வெளியூர்க்காரர் கையில் தேதி இருக்க வேண்டும். டிசம்பர் கடைசி வாரம் எல்லா வகையிலும் தோதானது. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் கல்யாண மண்டபங்களின் மினி ஹால் சுலபமாகக் கிடைக்கும், வாடகையும் பேசிக் குறைக்கலாம். பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறை. வெளிநாட்டில் இருப்பவர்களும் ஊருக்கு வந்திருப்பார்கள். அக்டோபர், நவம்பர் வேண்டவே வேண்டாம். வடகிழக்குப் பருவமழை ஒரே இரவில் எல்லாவற்றையும் ரத்தாக்கிவிடும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் கரண்ட் பில், ஜெனரேட்டர் டீசல், துப்புரவுக் கட்டணம் தனியா, வெளிச் சமையலை அனுமதிப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஈசிஆர் ரிசார்ட் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கார் இல்லாதவர் இருட்டிய பிறகு திரும்புவது கஷ்டம். குடி தொடங்கினால் பெண்கள் மதியமே கிளம்பிவிடுவார்கள். படித்த பள்ளியே கிடைத்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. தலைமை ஆசிரியரிடம் ஒரு மாதம் முன்பே கடிதம் கொடுத்து ஞாயிற்றுக்கிழமை கேளுங்கள். தென்மாவட்டங்களிலிருந்து பஸ்ஸில் வருபவர்கள் கிளாம்பாக்கத்தில் இறங்கி நகருக்குள் வர வேண்டும். காலை 10.30-க்கு முன் தொடங்காதீர்கள்.

ஆட்களைத் தேடுவதுதான் பெரிய வேலை. வருகைப் பதிவேட்டில் 'எஸ். லட்சுமி' என்று இருந்தவர், கல்யாணத்துக்குப் பின் கணவர் பெயரின் முதலெழுத்தோடு வேறு ஆளாகியிருப்பார். ஃபேஸ்புக்கில் அப்பா பெயரை முழுசாகச் சேர்த்துத் தேடுங்கள். அதே பள்ளியில் படித்த தம்பி தங்கையைப் பிடித்தாலும் கிடைத்துவிடுவார். பழைய ஆட்டோகிராப் நோட்டில் ஏழு இலக்க லேண்ட்லைன் எண் இருந்தால் முன்னால் 2 சேர்த்துக் கூப்பிட்டுப் பாருங்கள், சில வீடுகளில் இன்னும் அதே எண்தான். வகுப்பு குரூப் போட்டோவில் ஒவ்வொரு முகத்துக்கும் எண் போட்டு, கிடைத்தவர்களைக் குறித்துக்கொண்டே வந்தால் யார் பாக்கி என்பது தெளிவாகும். கிடைத்தவரை உடனே வாட்ஸ்அப் குழுவில் சேர்க்காதீர்கள். அன்றைக்குப் பக்கத்து பெஞ்சில் இருந்த ஒருவர் முதலில் போனில் பேசட்டும். சொல்லாமல் சேர்க்கப்பட்டவர் மறுநாளே வெளியேறிவிடுவார். திரும்ப அழைப்பது ரொம்பக் கடினம். பேசுவதற்கு ஒரு குழு, அட்மின் மட்டும் எழுதும் அறிவிப்புக் குழு ஒன்று என இரண்டாக வையுங்கள். இல்லாவிட்டால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே தேதியும் இடமும் காணாமல் போகும்.

பணம்: 60 பேர், ஹால் 25,000, சாப்பாடு 350 வீதம் 21,000, ஆசிரியர் மரியாதை, போட்டோ, பேனர் 14,000 என்று வைத்துக்கொண்டால் தலைக்கு 1,000 ரூபாய். வசூலும் கணக்கும் இருவர் பொறுப்பில் இருக்கட்டும். யார் கட்டினார்கள், யார் கட்டவில்லை என்ற பட்டியலைக் குழுவில் போடவே கூடாது. பல சந்திப்புகளில் ஆட்கள் நின்றுபோவது அந்த ஒரு பட்டியலால்தான். மொத்தத் தொகையை மட்டும் போடுங்கள். முடியாதவரின் பங்கை வசதியுள்ளவர் ஏற்றால் அது அந்த இரண்டு பேரோடு நிற்கட்டும். 'வரேன்' என்று சொன்ன எல்லோரும் வந்துவிட மாட்டார்கள், ஆகவே உறுதி செய்தவர்களின் எண்ணிக்கையில் பத்து சதவீதம் குறைத்து இலை சொல்லுங்கள்.

அன்றைக்கு வாசலிலேயே ஒருவர் நின்று வருபவரை உள்ளே அழைத்துப் போக வேண்டும். தயங்கி வந்தவர் திரும்பிப் போவது வாசலில்தான். பள்ளிக்கால இனிஷியலும் செக்‌ஷனும் பெரிய எழுத்தில் உள்ள பேட்ஜ் குத்திவிடுங்கள். மைக் கொடுத்து வேலை, குடும்பம் என்று வரிசையாக அறிமுகம் செய்யச் சொல்லாதீர்கள். எந்த பெஞ்ச், பக்கத்தில் யார் என்று சொன்னால் போதும். காலமான நண்பர்களின் பெயரைக் குடும்பத்தாரிடம் உறுதி செய்த பிறகே வாசியுங்கள்.

ஆசிரியர்களைக் காரில் அழைத்து வந்து, பொன்னாடை போர்த்தி, முதல் பந்தியில் உட்காரவைத்து, விரும்பும் நேரத்தில் வீட்டில் விட்டுவிடுங்கள். "சார், என்னை ஞாபகம் இருக்கா?" என்று கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்தாமல், பெயரையும் வருஷத்தையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

கலந்துகொள்பவர்களுக்கு: "என்ன பண்றே, எத்தனை பசங்க?" என்பதற்குப் பதில் "இப்ப எங்கே இருக்கே?" என்று தொடங்கினால், எவ்வளவு சொல்வது என்பதை அவரே முடிவு செய்வார். கூட்டாளிகளிடம் 'டா' தானாக வந்துவிடும். அன்று பேசியே இராத வகுப்புத் தோழியிடம் 'நீங்க' என்றே ஆரம்பியுங்கள். இன்சூரன்ஸ், கடன் பேச்சு வேண்டாம்.

படங்களைப் பொதுவில் போடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். வராதவர்களை அடுத்த வாரமே கூப்பிட்டு, "ஏன் வரலை?" என்று கேட்காமல், அன்று அவர்களை யார் யார் விசாரித்தார்கள் என்று சொல்லுங்கள்.