சின்ன மாதிரித்துண்டில் திரிபு அளக்க: முதலில் புள்ளியைச் சரிசெய்யுங்கள்

இரட்டைக் கேமரா வைத்து டிஜிட்டல் இமேஜ் கோரிலேஷன் முறையில், அதாவது மாதிரித்துண்டின் மேல் தூவிய புள்ளிகள் நகர்வதைப் படங்களில் ஒப்பிட்டு, திரிபு (சுமையில் பொருள் எந்த விகிதத்தில் நீள்கிறது என்பது) அளக்கிறீர்களா? மாதிரித்துண்டு சிறியதென்றால், புள்ளி தூவ கடையில் கிடைக்கும் ஸ்ப்ரே டப்பா கைகொடுக்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10 மி.மீ. அகலம் 2448 பிக்சலில் விழுந்தால், ஒரு பிக்சல் சுமார் 4 மைக்ரான். புள்ளி 3 முதல் 5 பிக்சல் இருப்பது நல்லது. அதாவது 12 முதல் 20 மைக்ரான். ஸ்ப்ரே துளிகள் பெரும்பாலும் இதைவிடப் பெரிதாகவே விழும்.

பளபளப்பில்லாத வெள்ளைப் பூச்சை மெல்லியதாக அடித்து, ஈரம் காய்வதற்குள் பிரின்டர் டோனர் தூளை லேசாக ஊதிவிடுங்கள். முகமூடி கட்டாயம். நுண்முனை ஏர்பிரஷ் இருந்தால் இன்னும் சௌகரியம். நன்றாக நீளக்கூடிய உலோகமா? பூச்சு நாள்பட்டால் விறைத்து வெடிக்கும், அடித்த அன்றே இழுத்துவிடுங்கள்.

அப்புறம் ஃபோகஸ். கிட்டத்தில் வைத்து எடுக்கும்போது ஓரங்கள் மங்கும். அப்பெர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துளையை) குறைத்து வெளிச்சத்தைக் கூட்டுங்கள். சூடேறும் விளக்கு வேண்டாம், எல்இடி போதும். கேமராக்களின் அளவுத்திருத்தம் (காலிபரேஷன்) முடிந்தபின் லென்ஸைத் தொடவே கூடாது.

சுமை ஏற்றுமுன் சும்மா பத்துப் படம் எடுத்துக் கணக்கிடுங்கள். அதில் தெரியும் திரிபு வெறும் இரைச்சல், அதாவது அளவீட்டில் வரும் போலி ஏற்ற இறக்கம். அதைவிடச் சிறிய எதையும் முடிவாக எழுதாதீர்கள்.