உப்பில் ஊறிய சால்மன்: முதல் முறை செய்கிறவர்களுக்கு

ஜப்பானியக் காலைச் சாப்பாட்டில் சூடான சோறு, மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப் இவற்றின் பக்கத்தில் சின்னதாக ஒரு துண்டு மீன் இருக்கும். பல நாள் அது ஷியோஜாகேதான். ஷியோ என்றால் உப்பு, ஜாகே என்பது சால்மன். பெயரில் இருக்கும் இரண்டு பொருள்தான் மொத்தச் சமையலும். அடுப்பில் பத்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் முந்தின நாளே ஆரம்பிக்க வேண்டும்.

தோலோடு கூடிய, ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. கனமுள்ள இரண்டு துண்டுகள் எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 300 கிராம் வரும். விரலால் தடவிப் பார்த்து, தட்டுப்படும் முள்ளை ட்வீசரால் பிடுங்கிவிடுங்கள். அப்புறம் கிச்சன் பேப்பரால் ஈரத்தை ஒற்றி எடுங்கள்.

உப்பு

இங்கேதான் எல்லாரும் தடுக்கி விழுகிறோம். முதல் தடவை கண்ணளவில் அள்ளித் தடவினேன். ஒரு வாய் மீனுக்கு நாலு வாய் சோறு தேவைப்பட்டது. கரண்டி அளவும் நம்பகமில்லை. ஒரே டீஸ்பூனில் பொடியுப்பு அதிக எடை பிடிக்கும், பரல் பெரிதான உப்பு குறைவாகப் பிடிக்கும். அதனால் தராசில் நிறுத்துவிடுங்கள். மீன் எடையில் 2 முதல் 3 சதவீதம் போதும். 300 கிராமுக்கு 6 முதல் 9 கிராம். முதல் முறை என்றால் 6 கிராமிலேயே நில்லுங்கள்.

இரண்டு பக்கமும் சீராகத் தூவி, தோல் மீதும் கொஞ்சம் தேயுங்கள். துண்டுகளைக் கிச்சன் பேப்பரில் சுற்றி, மூடி போட்ட டப்பாவில் வைத்து ஃப்ரிட்ஜில் ஒரு இரவு விடுங்கள். இரண்டு நாள் விட்டால் இன்னும் நல்லது, ஆனால் பேப்பர் நனைந்ததும் மாற்ற வேண்டும். அந்தப் பேப்பரை மோந்து பாருங்கள், கவிச்சி எங்கே போனது என்று தெரிந்துவிடும். உப்பு தண்ணீரை வெளியே இழுக்கும்போது வாடையில் ஒரு பங்கும் கூடவே வந்துவிடுகிறது. சதையும் இறுகும், வாட்டும்போது உடையாது.

ஒரு எச்சரிக்கை: இவ்வளவு லேசான உப்பு ஒட்டுண்ணிகளைக் கொல்லாது. உப்பில் ஊறிவிட்டதே என்று பச்சையாகச் சாப்பிட வேண்டாம்.

வாட்டுவது

மீனைக் கழுவாதீர்கள், துடைத்தால் போதும். ஜப்பானில் பல கேஸ் அடுப்புகளின் அடியில் மீன் வாட்டவே ஒரு சின்ன கிரில் இருக்கும். அது இல்லாவிட்டால் நான்ஸ்டிக் வாணலி போதும். எண்ணெய் வேண்டாம், சால்மனில் இருக்கும் கொழுப்பே உருகி வரும்.

மிதமான தீயில் முதலில் தோல் பக்கம் வாணலியில் படட்டும். துண்டு நிற்காவிட்டால் இடுக்கியால் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடத்தில் தோல் மொறுமொறுப்பாகும். பிறகு படுக்கவைத்து ஒரு பக்கம் நாலு நிமிடம், திருப்பி மூன்று நிமிடம். நடுநடுவே கிளறிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். மேலே வெள்ளையாகத் திரண்டு வருவது மீனின் புரதம்தான். அது நிறைய வந்தால் தீ அதிகம் என்று அர்த்தம். நடுப்பகுதி ஒளி ஊடுருவாத வெளிர் நிறமாகி, தொட்டால் இதழ் இதழாகப் பிரிய வேண்டும். வெப்பமானி இருந்தால் உள்ளே 63 டிகிரி செல்சியஸ் காட்டட்டும்.

உப்புக் கரித்துவிட்டதா?

கடையில் ஏற்கெனவே உப்பிட்ட சால்மன் வாங்கியிருந்தால் இது உதவும். வாட்டுவதற்கு முன் வெறும் தண்ணீரில் போடாதீர்கள். மேல்சதை சப்பென்று ஊறிப்போகும், உள்ளே உப்பு அப்படியே நிற்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் உப்பு கரைத்து அதில் சில மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். உப்பை எடுக்க உப்புத் தண்ணீரா என்று நானும் சிரித்தேன். ஆனால் அதில்தான் உப்பு மெதுவாக, சீராக இறங்குகிறது.

வாட்டியபின் கரித்தால் சரி, விடுங்கள். உதிர்த்து, சோற்று உருண்டையான ஓனிகிரிக்குள் வைத்துவிடலாம். அதற்கு இந்தக் கரிப்புதான் சரியாக இருக்கும்.