ஃபைபர் படகுக்கு எக்கோ சவுண்டர் தேர்ந்தெடுக்கும் முறை

ஒலியை அனுப்பி, திரும்பும் எதிரொலியால் ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் கருவிதான் எக்கோ சவுண்டர். இரண்டு எக்கோ சவுண்டர்களை ஒப்பிடும்போது, திரையின் அகலத்தைப் பார்ப்பதற்கு முன்பு, உங்கள் வலை எத்தனை பாகம் (ஒரு பாகம் சுமார் 1.8 மீட்டர்) ஆழத்தில் இறங்குகிறது என்பதைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். பெரும்பகுதி 15 மீட்டர் ஆழத்தைத் தாண்டாத பாக் விரிகுடாவில் தொழில் செய்பவருக்கு, தரையை ஒட்டி நிற்கும் மீனைப் பிரித்துக் காட்டும் 200 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையே போதும். தூத்துக்குடிக்கு அப்பால் ஆழ்கடலில் தூண்டில் போடுபவருக்கு, நுணுக்கம் குறைந்தாலும் அதிக ஆழத்தை எட்டும் 50 கிலோஹெர்ட்ஸும் சேர்ந்த கருவி வேண்டும்.

திறனை ஒப்பிடுவதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஒரு பெட்டியில் 4,000 வாட் என்றும் மற்றொன்றில் 500 வாட் என்றும் அச்சிட்டிருக்கலாம். முன்னது உச்சத்திலிருந்து உச்சம் வரையிலான அளவாகவும் பின்னது ஆர்.எம்.எஸ். (சராசரித் திறன்) அளவாகவும் இருந்தால், முதல் அளவு இரண்டாவதைப்போல் 8 மடங்கு என்பதால், இரண்டும் ஒரே திறன்தான். எனவே இரண்டையும் ஆர்.எம்.எஸ். கணக்குக்கு மாற்றிய பிறகே விலை பேசுங்கள்.

ஒலி கீழ்நோக்கி விரியும் கூம்புக் கோணத்தையும் கேளுங்கள்: 20 டிகிரி கோணம், 30 மீட்டர் ஆழத்தில் சுமார் 10 மீட்டர் அகலமுள்ள வட்டத்தை மட்டுமே பார்க்கும்.

படகின் உட்புறம் ஒட்டும் டிரான்ஸ்டியூசர் (ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் பகுதி), அடிப்பகுதி முழுவதும் திடமான ஃபைபராக இருந்தால்தான் சரியாக வேலை செய்யும். நடுவில் மரமோ நுரையோ வைத்துக் கட்டிய படகாயின், பின்பலகையில் மாட்டும் வகையை வாங்கி, புரொப்பல்லர் கிளப்பும் குமிழிகள் படாத இடத்தில் பொருத்துங்கள்.