டர்போ ஈக்வலைசர்: கணக்குச் சுமையைக் குறைத்த விதம்

காசிமேட்டில் படகுக்கும் கரைக்கும் இடையே ரேடியோ இணைப்பு ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தேன். துறைமுகக் கிரேன்களிலும் கன்டெய்னர்களிலும் பட்டுத் திரும்பும் அலைகளால் குறியீடுகள் (பிட்களைச் சுமந்து அடுத்தடுத்து அனுப்பப்படும் சிக்னல் துண்டுகள்) ஒன்றன்மேல் ஒன்று ஏறின. 1995-ல் அறிமுகமான டர்போ ஈக்வலைசேஷன் இதற்கென்றே பிறந்தது: கலப்பைப் பிரிக்கும் ஈக்வலைசரும் பிழை திருத்தும் டிகோடரும் தங்கள் கணிப்பைச் சுற்றுச் சுற்றாகப் பரிமாறிக்கொள்ளும். ஆனால் கியூபிஎஸ்கே குறியீடும் (நான்கு மதிப்புகளில் ஒன்றை ஏற்பது) சேனல் நினைவு 5-உம் (முந்தைய ஐந்து குறியீடுகளும் இப்போதையதில் கலப்பது) என்றால், சாத்தியமான எல்லா வரிசைகளையும் தொடரும் வலைப்படமான டிரெல்லிஸில் 4-இன் அடுக்கு 5, அதாவது 1024 நிலைகள். ஒவ்வொரு குறியீட்டுக்கும் 4096 கிளைகள். சின்ன போர்டு திணறிவிட்டது.

டிரெல்லிஸை விட்டு எம்எம்எஸ்இ ஃபில்டருக்கு (சராசரி வர்க்கப் பிழையை மிகக் குறைவாக்கும் வடிகட்டி) மாறினேன். அதிலும் குறியீட்டுக்குக் குறியீடு மேட்ரிக்ஸைத் தலைகீழாக்குவது (அதன் நேர்மாறைக் கணக்கிடுவது) பெரும் செலவு. டிகோடர் ஒவ்வொரு குறியீட்டுக்கும் தரும் நம்பகத்தன்மைக்குப் பதிலாக, பிளாக் (ஒன்றாக டிகோட் செய்யும் தொகுதி) முழுக்க ஒரே சராசரி மாறுபாட்டை, அதாவது ஐய அளவை, வைத்தேன். சுற்றுக்கு ஒரு தலைகீழாக்கம் போதும்! முதல் சுற்றில் டிகோடரிடமிருந்து தகவலே இல்லை, மாறுபாடு எங்கும் ஒரே அளவுதான். எல்லா பிட்டும் உறுதியான கடைசிக் கட்டத்திலும் அப்படியே. இழப்பு நடுச் சுற்றுகளில் மட்டும். எனக்கு இதுதான் மிக அழகான பகுதி.

சிஆர்சி (பிழை இருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு பிட்கள்) சரியானதும் சுற்றை நிறுத்தும் வழியையும் சேர்த்தேன். கடல் அமைதியான நேரத்தில் பெரும்பாலான பிளாக்குகள் சீக்கிரமே முடிகின்றன. மிச்சமாகும் நேரம் மோசமான பிளாக்குகளுக்குப் போகிறது.