திறமூல மென்பொருளுக்கு முதல் பங்களிப்பைச் செய்வது எப்படி?

மூல நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் அனுமதிக்கும் திறமூல மென்பொருளுக்குப் பங்களிக்க விரும்புபவர், தாம் அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருள் ஒன்றையே முதலில் தேர்ந்தெடுப்பது நல்லது. அதன் குறைகளை அவர் ஏற்கெனவே அறிந்திருப்பார். அதன் களஞ்சியத்தில் (நிரலும் ஆவணங்களும் வைக்கப்பட்டிருக்கும் இடத்தில்) உரிமக் கோப்பு இருக்கிறதா, அண்மைக் காலத்தில் பிறருடைய மாற்றங்கள் ஏற்கப்பட்டுள்ளனவா என்று பார்த்த பிறகு, ‘கான்ட்ரிபியூட்டிங்’ என்ற வழிகாட்டிக் கோப்பை முழுமையாகப் படிக்க வேண்டும். பலரும் தாண்டிச் செல்லும் இந்தப் படியே மிக முக்கியமானது என்று நான் உறுதியாக நம்புகிறேன். நிரல் எழுதும் பாணியும் சோதனைகளை இயக்கும் முறையும் பெரும்பாலும் அங்கேதான் விளக்கப்பட்டிருக்கும்.

இத்தகைய களஞ்சியங்கள் பல வைக்கப்பட்டுள்ள கிட்ஹப் தளத்தில் ‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ (முதல் முயற்சிக்கு ஏற்ற சிக்கல்) என்று குறிக்கப்பட்ட சிக்கல்கள் புதியவர்களுக்கு ஏற்றவை. நீங்கள் தேர்ந்தெடுத்த சிக்கலில் வேறொருவர் ஈடுபடவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, களஞ்சியத்தை ஃபோர்க் செய்து (உங்கள் கணக்கில் நகலெடுத்து), அந்த நகலைக் கணினியில் குளோன் செய்து (பதிவிறக்கி), தனிக் கிளையில் (முதன்மை நிரலைப் பாதிக்காத தனி வரிசையில்) மாற்றத்தைச் செய்யுங்கள். ஆவணத்திலுள்ள பிழையைத் திருத்துவதும் முழுமையான பங்களிப்பே. நிரலாக்கம் தெரியாதவர் தயங்க வேண்டியதில்லை.

புல் ரெக்வெஸ்ட் (உங்கள் மாற்றத்தை ஏற்குமாறு கேட்கும் கோரிக்கை) அனுப்பும்போது ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் சேர்த்து, எதை மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள், எவ்வாறு சோதித்தீர்கள் என்று தெளிவாக எழுதுங்கள். மென்பொருளைக் கவனித்துக்கொள்ளும் பராமரிப்பாளர்களில் பலர் ஊதியமின்றி உழைப்பவர்கள் என்பதால் பதில் தாமதமாகலாம். அவர்கள் திருத்தம் கேட்டால், அதே கிளையில் புதிய கமிட்டை (பதிவுசெய்த மாற்றத்தை) சேர்த்து கிட்ஹப்புக்கு அனுப்பினால் போதும். புதிய கோரிக்கை தேவையில்லை.