பன்னீர் திராட்சை: முதல் கவாத்துக்குக் கத்தரி எடுக்கும் முன்

கிழக்கே மேகமலை, மேற்கே கேரள எல்லை மலைகள், நடுவே முல்லைப் பெரியாற்றுப் பாசனம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை இந்தப் பள்ளத்தாக்கில் வருடம் முழுக்கக் கிடைக்கிறது. அதற்குக் காரணம் மண்ணும் தண்ணீரும் மட்டுமல்ல, கவாத்தும்தான், அதாவது கொடியின் குச்சிகளை அளவாக வெட்டிவிடுவது. கத்தரி விழுந்த நாளிலிருந்து ஏறக்குறைய 110 முதல் 120 நாளில் அறுவடை.

நடவு சுலபம். முற்றிய குச்சியிலிருந்து வேர்விட்ட நாற்றை ஜூன், ஜூலையில் நடலாம். வரிசைக்கு வரிசை 3 மீட்டர், கொடிக்குக் கொடி 2 மீட்டர். குழியில் மக்கிய தொழுவுரம் தாராளமாகப் போடுங்கள். பக்கக் கிளைகளைக் கிள்ளி, ஒற்றைத் தண்டாகப் பந்தல்வரை ஏற்றி நுனியைக் கிள்ளினால் இரண்டு கைகள், அதாவது முதன்மைக் கிளைகள், கிளம்பும். அவற்றை எதிரெதிர்த் திசையில் கம்பியில் கட்டுங்கள். 12, 15 கணு வந்ததும் மறுபடி நுனி கிள்ள வேண்டும். பந்தல் இப்படித்தான் நிரம்பும்.

இனி கவாத்து. பச்சைக் குச்சியில் கை வைக்காதீர்கள். பழுப்பேறி முற்றியிருக்க வேண்டும். பன்னீர் ரகத்தில் பூங்கொத்து அடிக் கணுக்களிலேயே உருவாகிறது. அதனால் காய்ப்புக்கு விடும் குச்சியில் 4 கணு விட்டால் போதும். மெலிந்ததை 1 அல்லது 2 கணுவோடு வெட்டுங்கள். அடுத்த முறைக்கு அது நல்ல குச்சி தரும். புதியவர்கள் மனசு வராமல் நீளமாக விட்டுவிடுகிறார்கள். பந்தல் அடைந்து, காற்றும் வெயிலும் நுழையாமல் நோய்தான் வளரும்.

நாளைக் குறிப்பதற்கு முன் காலண்டரில் 120 நாள் எண்ணிப் பாருங்கள். டிசம்பர் கடைசியில் வெட்டினால் ஏப்ரலில் பழம். ஜூலையில் வெட்டினால் பழுக்கும் நேரம் வடகிழக்குப் பருவமழையில் மாட்டும், பழம் வெடிக்கும். தோட்டம் முழுவதையும் ஒரே வாரத்தில் வெட்டாமல் பகுதி பகுதியாக வெட்டச் சொல்வேன். மழையோ விலைச் சரிவோ வந்தால் மொத்தமும் போகாது.

துளிர்த்ததும் அடிச்சாம்பல் என்ற பூஞ்சை நோய்க்கு 1 சதவீத போர்டோ கலவை. மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். கரைக்கப் பிளாஸ்டிக் டிரம்மே சரி. தயாரான கலவையில் இரும்புக் கத்தியை நனைத்துப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. இன்னும் சேர்க்காமல் தெளித்தால் துளிர் கருகும்.

அறுவடையில் அவசரம் வேண்டாம். பறித்த திராட்சை அதற்கு மேல் இனிக்காது. ஒயின் ஆலைக்குப் போகும் பழம் என்றால் சர்க்கரைதான் கணக்கு: லிட்டர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை இருந்தால்தான் 1 சதவீத ஆல்கஹால் உருவாகும். கருநீலம் ஏறியதை மட்டும் நம்பாமல், குலையின் நுனிப் பழத்தைச் சுவைத்துப் பாருங்கள். அதுதான் கடைசியாகப் பழுக்கும். வெயில் ஏறுமுன், காம்பைப் பிடித்து வெட்டுங்கள். பழத்தின் மேல் படிந்திருக்கும் வெண்பூச்சு கைபட்டு அழியக் கூடாது.